டெம்பே ஏன் கொழகொழத்துப் போகிறது?

கேள்வி: இறைச்சியை விட்டு ஆறு மாதம் ஆகிறது. புரதத்துக்காக வீட்டிலேயே டெம்பே (சோயாவைப் பூஞ்சையால் நொதிக்கவைத்துக் கட்டியாக்கும் இந்தோனேசிய உணவு) செய்து பார்த்தேன். முதல் முறை, ஒன்றரை நாளில் சோயா கொழகொழவென்று ஆகி மூக்கைத் துளைக்கும் நாற்றம். இரண்டாம் முறை வெள்ளையாக, கெட்டியாக வந்தது. ஆனால் ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள். பயந்து கொட்டிவிட்டேன். எங்கே தவறு செய்கிறேன்? அடுத்த முறை சோயாவோடு தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையையும் சேர்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றில் தவறினால் அரைக் கிலோ சோயாதான் வீண். இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. தேங்காய்ச் சக்கையைச் சேர்க்காதீர்கள், கொஞ்சம்கூட வேண்டாம்.

ஜாவாவில் தேங்காய்ச் சக்கையில் டெம்பே செய்யும் பழக்கம் இருந்தது. பெயர் போங்க்ரெக். அதில் சில சமயம் பர்க்கோல்டேரியா இனத்துப் பாக்டீரியா ஒன்று புகுந்து வளரும். அது உண்டாக்கும் போங்க்ரெக்கிக் அமிலம் நம் செல்கள் ஆற்றல் தயாரிப்பதையே தடுத்துவிடும். தேங்காயின் கொழுப்பு அந்தப் பாக்டீரியாவுக்கு மிகவும் தோதானது. இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. வேகவைத்தாலும் வறுத்தாலும் அழியாது. நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகு 1988-இல் இந்தோனேசிய அரசு தேங்காய் டெம்பே தயாரிப்பையே தடை செய்தது. தலைமுறை தலைமுறையாகச் செய்து பழகியவர்களாலேயே தவிர்க்க முடியாத ஆபத்து இது. சக்கையை வீணாக்க மனமில்லை என்றால் சோயாப்பால் பிழிந்த சக்கையில் செய்து பாருங்கள். ஜாவாவில் அதற்கு கெம்புஸ் என்று பெயர். ஈரத்தை மட்டும் நன்றாகப் பிழிந்து எடுக்க வேண்டும்.

அடுத்து கறுப்புப் புள்ளி. நீங்கள் கொட்டியது அநேகமாக நல்ல டெம்பேதான். டெம்பேயைக் கட்டுவது ரைசோபஸ் என்ற பூஞ்சை. அதன் வெள்ளை இழைகள் பருப்புகளுக்கு நடுவே ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. காற்று அதிகம் படும் இடத்தில், குறிப்பாகச் சோயாவை நிரப்பிவைக்கும் பையில் குத்திய துளைகளை ஒட்டி, அது வித்து விடும். அந்த வித்துகள்தான் சாம்பலும் கறுப்புமாகத் தெரிகின்றன. கட்டி இறுக்கமாக இருந்து, காளான் வாசம் அடித்தால் தாராளமாகச் சமைக்கலாம். புள்ளிகள் அதிகமாக வந்தால் துளைகள் பெரிதாகிவிட்டன, அல்லது நேரம் கூடிவிட்டது என்று பொருள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம் இவற்றில் எது தெரிந்தாலும் முழுக் கட்டியையும் எறிந்துவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சாப்பிட வேண்டாம். (மேற்கு ஜாவாவில் ஒன்ச்சோம் என்ற உணவில் ஒரு வகை ஆரஞ்சு நிறமாகவே இருக்கும். அங்கே அந்தப் பூஞ்சையைத் தெரிந்தே வளர்க்கிறார்கள். உங்கள் பையில் வரும் ஆரஞ்சு என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.)

இனி முதல் முறை நடந்ததைப் பார்ப்போம். கொழகொழப்பும் நாற்றமும் சேர்ந்து வந்தால், பூஞ்சை வளர வேண்டிய இடத்தில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் பேசில்லஸ் வகையாக இருக்கும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. ஈரமும் சூடும் கிடைத்ததும் விழித்துப் பெருகி, புரதத்தைச் சிதைத்து அம்மோனியாவை விடுகிறது. உங்கள் மூக்கைத் துளைத்தது அதுதான். ஜப்பானில் சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் நாட்டோவும் இதே இனத்துப் பாக்டீரியாவால் ஆவதுதான். ஆனால் அதற்கென்று தேர்ந்தெடுத்த வித்து, அதற்கென்று தனிப் பக்குவம். தானாக வந்த கொழகொழப்பை அதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

பாக்டீரியாவுக்கு வழி விடுவது பெரும்பாலும் ஈரம்தான். அரைக் கிலோ சோயாவை ஓர் இரவு ஊறவைத்து, கையால் பிசைந்து தோலை நீக்குங்கள். தோல் கிடந்தால் பூஞ்சையின் இழை உள்ளே நுழைய முடியாது. புதுத் தண்ணீரில் நாலு மேசைக்கரண்டி வினிகர் விட்டு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவையுங்கள். அந்தப் புளிப்பு பாக்டீரியாவை அடக்கிவைக்கும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. கடித்தால் மெத்தென்று இருக்க வேண்டும், குழையக் கூடாது. குழைந்த பருப்புகள் ஒட்டிக்கொண்டால் நடுவே காற்றோட்டம் போய்விடும்.

பலரும் கோட்டை விடுவது அதற்கு அடுத்த படியில். தண்ணீரை வடித்தால் போதாது. வெறும் பாத்திரத்தில் போட்டு, இளந்தீயில் கிளறிக் கிளறி மேலீரம் போகும்வரை விடுங்கள். பிறகு சுத்தமான துணியில் பரப்புங்கள். ஒரு பிடி எடுத்து மூடித் திறந்தால் உள்ளங்கை நனையக் கூடாது. பருப்புகள் பளபளக்காமல் மங்கலாகத் தெரிய வேண்டும். இந்த ஒன்றைச் சரி செய்தாலே பாதிக்கு மேல் தோல்விகள் மறையும் என்பது என் அனுபவம்.

சூடு உடல் வெப்பத்துக்கும் கீழே இறங்கிய பிறகு ஒரு தேக்கரண்டி வித்துத்தூளை (ரைசோபஸ் வித்துகள் உள்ள தூள்) தூவி, ஒவ்வொரு பருப்பிலும் படும்படி கலக்குங்கள். பையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊசியால் துளை குத்துங்கள். நிரப்பித் தட்டினால் மூன்று சென்டிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது.

பிறகு சுமார் 30 டிகிரியில் வையுங்கள். மூடிய ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டாலே பெரும்பாலும் அந்தச் சூடு கிடைத்துவிடும். முதல் பன்னிரண்டு மணி நேரம் வெளியே எதுவும் தெரியாது. பையின் உள்பக்கம் மெல்ல வியர்க்கும். அப்புறம் நிலைமை தலைகீழ். பதினெட்டாவது மணி வாக்கில் பையின் மேல் கை வைத்துப் பாருங்கள். காய்ச்சல்காரரின் நெற்றி போலச் சுடும். அது விளக்கின் சூடு இல்லை. பூஞ்சை வளர வளரத் தானே வெளியிடும் சூடு. இதற்குப் பிறகும் நீங்கள் சூடு கொடுத்துக்கொண்டே இருந்தால் கட்டியின் நடுப்பகுதி 40 டிகிரியைத் தாண்டும். பூஞ்சை தளரும், பேசில்லஸ் முந்திக்கொள்ளும். ஒன்றரை நாளில் கெட்டது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஈரத்தோடு இதுவும் சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆகவே பை தானாகச் சுடத் தொடங்கியதும் விளக்கை அணையுங்கள், ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். உள்ளே செருகிப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை.

24 முதல் 48 மணி நேரத்துக்குள் கட்டி தயாராகிவிடும். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் பலகை போல நிற்க வேண்டும். வெட்டினால் பருப்புகளுக்கு நடுவே வெள்ளை நிரம்பியிருக்க வேண்டும். இலேசான அம்மோனியா வாசம் மட்டும் இருந்தால் முற்றிவிட்டது என்று பொருள், கெட்டுப்போகவில்லை. விரலால் தொட்டு எடுக்கும்போது நூல் நூலாக வந்தால் குப்பைக்குத்தான். நல்ல டெம்பேயையும் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். பத்து நிமிடமாவது ஆவியில் வேகவைத்துவிட்டு வறுங்கள். உடனே சமைக்காவிட்டால் வேகவைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் பூஞ்சையின் வேகம் குறையுமே தவிர நின்றுவிடாது.

நீங்கள் புரதத்தை எண்ணி இறங்கியதால் ஒரு விஷயம். நூறு கிராம் டெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது. அது போதுமான அளவு. ஆனால் டெம்பேயில் பி12 இருக்கிறது என்று படித்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். ரைசோபஸ் பி12 தயாரிப்பதில்லை. சில டெம்பேயில் அது காணப்பட்டதற்குக் காரணம் கூடவே வளர்ந்த பாக்டீரியாக்கள். சுத்தமாகச் செய்தால் அதுவும் இருக்காது. முட்டை, பாலையும் விட்டிருந்தால் பி12-க்குத் தனியாக மாத்திரை அல்லது செறிவூட்டிய உணவு கட்டாயம் வேண்டும். ஆறு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வித்துத்தூள் தீர்ந்தால் பழைய டெம்பேயில் ஒரு துண்டை உதிர்த்துப் போடலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். சாப்பிடும் பக்குவத்தில் இருக்கும் டெம்பேயில் வித்து மிகக் குறைவு. வேண்டாத பாக்டீரியாதான் தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே வரும். தூளைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். எடுக்கும் கரண்டி மட்டும் உலர்ந்திருக்கட்டும்.