கொழுப்புக் கல்லீரல் இருக்கிறது, எருமைப் பாலை விட்டு ஆட்டுப்பாலுக்கு மாறலாமா?

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் முதலில் எருமைப் பாலைத்தான் நிறுத்தியிருப்பார்கள், சரியா? எனக்கும் அதுதான் நடந்தது.

அந்தியூர் பக்கம் எங்கள் வீட்டுக் கட்டுத்தறியில் எப்போதும் இரண்டு எருமை நிற்கும். 2022-ல் ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு என்று வந்தது, ரத்தத்தில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 164, ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு 290. ஆட்டுப்பால்தான் மருந்து என்று மாமியார் பக்கத்துத் தோட்டத்தில் சொல்லி வைத்து, மூன்று மாதம் தினமும் குடித்தேன். மறுபடி ரத்தம் கொடுத்தால் ட்ரைகிளிசரைடு 281.

டாக்டரம்மா பாலைப் பற்றிக் கேட்கும் முன்பே எத்தனை டீ, எவ்வளவு சர்க்கரை, ராத்திரி எவ்வளவு சோறு என்றுதான் கேட்டார். ஐந்து டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன். மிஞ்சுகிற சர்க்கரையைக் கல்லீரல்தான் கொழுப்பாக மாற்றுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதற்காக எருமைப் பால் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அதில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவீதம், பசும்பாலிலும் ஆட்டுப்பாலிலும் 4 சதவீதத்தை ஒட்டி. பால் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அது கூடினால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்வது குறையும். ஆக எந்த மிருகத்தின் பால் என்பதைவிட எத்தனை சதவீதம், எத்தனை டம்ளர் என்பதுதான் கணக்கு. நான் 3 சதவீத நீல பாக்கெட்டுக்கு மாறினேன், ஆனால் சர்க்கரையை விட்டதும் எடை 82-லிருந்து 75 கிலோ ஆனதும்தான் பெரிய வேலை செய்தது. அடுத்த ஸ்கேனில் கிரேடு 1.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லிட்டர் 120 ரூபாய்க்கு ஏ2 பால் (ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரத வகை, கொழுப்பின் அளவு அல்ல), கொலஸ்ட்ராலே ஏறாது என்று ஒருவர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் விற்றுவிட்டுப் போனார். எருமைப் பாலும் பெரும்பாலும் ஏ2 தான், அதை யாரும் சொல்வதில்லை! எருமைப் பால் கெடுதல் என்கிற பயத்தில் அம்மா இரண்டு எருமையையும் விற்றார், அது இன்னும் எனக்கு ஆறவில்லை. பால் விற்க எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால், கட்டுத்தறி காலியாகக் கிடக்கிறது, வந்து பார்க்கட்டும்.

நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள்? அதை எழுதவே இல்லையே.