கோயில் மண்டபத்தில் பேசக் கூப்பிடுகிறார்கள், அவர் பெயரைச் சொல்லலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 41. பதிமூன்று வயதில் நெருங்கிய உறவினர் ஒருவரின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர். அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும், போலீசுக்குப் போனதில்லை. பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நவம்பர் 25-இல் தொடங்கும் பதினாறு நாள் இயக்கத்துக்காகக் கோயில் மகளிர் குழு அவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறது. “பேச வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆள் இன்றும் எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்காருகிறார். பெயரைச் சொல்லலாமா? இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?” என்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கூப்பிட்டுவிட்டார்களே என்பதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்று காலையில்கூட வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதை இப்போதே குழுவிடம் சொல்லி வையுங்கள்.

பெயருக்கு வருகிறேன். நம் நாட்டில் அவதூறு இப்போது குற்றவழக்கு இல்லை, 2024-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் நஷ்டஈடு கேட்டு அவர் சிவில் வழக்குப் போடலாம். அப்போது நீங்கள் சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொதுநலன் இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். இரண்டையும் நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். அதனால் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசாமல் மேடையில் பெயரைச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து.

பெயரை விட்டுவிட்டால் மட்டும் ஆள் தெரியாமல் போகாது. குடும்பத்தை அறிந்தவர்கள் கேட்டால் இன்னார் என்று புரிந்துகொள்வார்கள் என்றால், சட்டத்தின் கண்ணில் அது பெயர் சொன்னதற்குச் சமம். இதில் நம் மொழியே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்றால் ஊரில் பாதிப் பேர். தமிழில் ‘கடைசி மாமா’ என்றால் ஒரே ஒருவர். நான் கூடவே இருந்து உதவிய ஒரு பெண் தன் பேச்சை எழுதிக்கொண்டு வந்தார். பெயர் எங்கும் இல்லை. ஆனால் ‘ஆயா வீட்டுப் பின்பக்கம், அவர் லாரி நிறுத்தும் இடத்தில்’ என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தெருவில் லாரி வைத்திருந்தவர் ஒருவர்தான். இருவரும் உட்கார்ந்து அதை ‘எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், என் வீட்டார் நம்பிய ஒருவர்’ என்று மாற்றினோம். பேச்சின் பலம் கொஞ்சமும் குறையவில்லை.

புகார் கொடுக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் முதலில் போலீசிடம் வாக்குமூலம் கொடுங்கள், அப்புறம் மேடை. வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் பேச்சின் வீடியோவையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மேடையில் ‘பன்னிரண்டு வயசு’ என்று வாய் தவறிச் சொல்லியிருந்தால் அதையே அரைமணி நேரம் கேட்பார். புகார் கொடுத்தபின் பேசுவதாக இருந்தால், அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லும்வரை வழக்கைப் பற்றிய விவரங்களை வெளியிடவும் தடை உண்டு.

காலம் கடந்துவிட்டதோ என்ற பயம் வேண்டாம். வன்புணர்ச்சிக்குக் காலவரம்பு முன்பும் கிடையாது. மற்றப் பாலியல் குற்றங்களுக்கு இருந்த 20 ஆண்டு வரம்பை அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 ஜூனில் செல்லாது என்றது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்கள் எட்டுப் பேர். சின்ன வயதில் தங்களைச் சீரழித்ததாக சிட்னி ஃபிராங்கல் என்ற செல்வந்தரைக் குற்றம் சாட்டியவர்கள், பல பத்தாண்டுகள் கழித்து வாய் திறந்தவர்கள். வழக்கு முடியும் முன்பே ஃபிராங்கல் இறந்துவிட்டார். ஆனாலும் அவர்கள் பேசியதால்தான் இன்று 41 வயதில் உங்களுக்கும் வழி இருக்கிறது.

‘ஏன் இத்தனை வருஷம்?’ என்று யாராவது கேட்டால் நீங்கள் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக எதிர்மறையாக முடிவு செய்யக்கூடாது என்று 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் நீதிமன்றத்துக்கே சொல்கிறது. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவுக்கும் அதுதான் பதில்.

பேசுவதால் என்ன ஆகும் என்று நினைப்பீர்கள். பத்திரிகையாளர் ஷார்லீன் ஸ்மித் தனக்கு நடந்ததை 1999-இல் சொந்தப் பெயரிலேயே எழுதினார். 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்காகத் தான் அலைந்ததையும் எழுதினார். அவரும் இன்னும் பலரும் விடாமல் கேட்டதில், பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே அந்த மருந்தைக் கொடுக்க 2002-இல் அமைச்சரவை முடிவு செய்தது. இன்னொரு பக்கத்தையும் மறைக்க மாட்டேன். பின்னாளில் நம் அதிபரான ஜேக்கப் ஸூமா மீது வன்புணர்ச்சிப் புகார் கொடுத்த ஃபெசேகிலே குஸ்வாயோவை ‘க்வேசி’ என்ற புனைபெயரில்தான் நாடு அறிந்தது. 2006-இல் ஸூமா விடுதலையானார், அந்தப் பெண் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. உங்கள் சபை சின்னதுதான். ஆனால் அடுத்த வாரமும் அதே மனிதர்களை அதே கடையில் பார்க்க வேண்டும்.

அதனால் குழுவிடம் சிலவற்றைக் கறாராகக் கேளுங்கள். போன் எல்லாம் வாசலில் இருக்கட்டும். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம் வேண்டாம். பத்து நிமிடம் போதும். நடந்ததை விவரிக்கவே தேவையில்லை, பெரும்பகுதி அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதாக இருக்கட்டும். பக்கவாட்டுக் கதவுப் பக்கம் அக்காவை உட்கார வையுங்கள்.

பேசி முடித்துச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது வந்து கையைப் பிடித்துக்கொள்வார், ‘எனக்கும்’ என்பார். இது கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் நடக்கிறது. 0800 428 428 என்ற, வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஆர்.கே. கான் மருத்துவமனையில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களைக் கவனிக்கும் துதுசெலா மையம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். வந்து சொல்வது ஒரு பிள்ளையாக இருந்தால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றம் தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அந்த ஆளின் வீட்டுக்கு இப்போது சின்னப் பிள்ளைகள் வந்து போகிறார்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே எனக்கு எழுதுங்கள், போலீஸ் நிலையத்துக்குக் கூடவே வருகிறேன்.

அப்புறம், நீங்கள் மேடையில் பேசப்போவதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண்டபத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்றிருக்கக்கூடாது.