மூச்சு திணறினா அங்கயே நிறுத்துங்க: வாசகர் யோகா கேள்வி பதில்

வேளச்சேரி பக்கம் ஒரு ஸ்டுடியோல சேர்ந்து நாலு மாசம் ஆச்சு. ஏசி ரூம், கண்ணாடிச் சுவரு, பின்னாடி பாட்டு, ஒரு மணி நேரம் நிக்காம ஆசனம். எங்க மாமனார் "இது யோகாவே இல்ல, வெறும் எக்சர்சைஸ்"னு சொல்றார். அப்படியா? (வாசகி, சென்னை)

மாமனார் சொல்றதுல பாதி சரிங்க. பதஞ்சலியோட யோக சூத்திரத்துல மொத்தம் 195 சூத்திரம், சில பதிப்புல 196, அதுல ஆசனத்தைப் பத்தி நேரா பேசுறது ரெண்டாம் பாதத்துல, அதாவது ரெண்டாம் அத்தியாயத்துல வர்ற மூணே மூணுதான். அதுலயும் எந்தக் காலை எங்க வைக்கணும்னு ஒரு வார்த்தை இல்ல. அசையாம இருக்கணும், சுகமா இருக்கணும், முயற்சியைத் தளர்த்தணும், அவ்வளவுதான். அவர் சொல்ற யோகத்தோட எட்டு அங்கத்துல ஆசனம் மூணாவதா வருது, அதுக்கு முன்னாடி இயமம், நியமம்னு நாம அடுத்தவங்ககிட்டயும் நம்மகிட்டயும் எப்படி நடந்துக்கணும்னு சொல்லிட்டுத்தான் உடம்புக்கே வர்றார். நம்ம திருமூலரும் திருமந்திரம் மூணாம் தந்திரத்துல அட்டாங்க யோகம் சொல்லும்போது ஒரு பாட்டுல ஏழு ஆசனத்தைப் பேர் சொல்லி அடுக்குறார், ஏழும் உட்கார்ந்து செய்றதுதான், அதுல சுகாதனமும் ஒண்ணு. நம்ம பாட்டிங்க சம்மணம் போட்டு உட்காருவாங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான்!

அப்போ ஸ்டுடியோல நின்னுக்கிட்டும் குனிஞ்சுக்கிட்டும் தாவிக்கிட்டும் செய்றோமே அது எங்கிருந்து வந்துச்சு? பெரும்பங்கு மைசூர்லருந்து. 1930கள்ல மைசூர் மகாராஜாவோட ஆதரவுல ஜகன்மோகன் அரண்மனையில கிருஷ்ணமாச்சார்யாங்கிற யோகா ஆசிரியர் யோகசாலை நடத்தினார், அங்க அவர்கிட்ட கத்துக்கிட்டவங்கள்ல நிறைய பேர் சின்னப் பசங்க, துள்ளுற வயசு, அவங்களுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொரு அசைவையும் ஒரு மூச்சோட கோர்த்து வேகமா சொல்லிக்கொடுத்தார். பின்னாடி பேர் பெற்ற யோகா ஆசிரியர்களான பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் எல்லாம் அந்த மைசூர் காலத்து மாணவங்க. இன்னைக்கு ஸ்டுடியோல 'வின்யாசா ஃப்ளோ'ன்னு போர்டு போடுறதுக்கு வேர் அங்கதான் இருக்கு.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயம் ஒண்ணு. அதே மனுஷர் 1950கள்ல சென்னைக்கு வந்த பிறகு, வயசானவங்க, நோயாளிங்கன்னு வந்தப்போ, ஒவ்வொருத்தரா உட்காரவச்சு, அந்தந்த உடம்புக்குத் தக்கபடி மாத்தி மாத்திக் கொடுத்தார். அவரோட மகன் தேசிகாச்சார் 1976ல சென்னையில 'கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம்'ங்கிற யோகப் பள்ளியை ஆரம்பிச்சதும் அந்த வழியிலதான். அதனால ஏசியோ பாட்டோ ஒரு குத்தமே இல்லைங்க. பதினஞ்சு வயசுப் பையனுக்குப் போட்ட வரிசையை, நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டு வர்ற நாப்பது வயசு உடம்புக்கு ஒரு கேள்வி கேக்காம அப்படியே கொடுக்குறாங்களா, அதுதான் பாக்கவேண்டியது. சேரும்போது உங்க முதுகு, முட்டி, பிரஷர், ஆபரேஷன் ஏதாவது நடந்துச்சான்னு விசாரிச்சாங்களா?

இப்போ இதைப் படிக்கும்போதே ஒண்ணு செஞ்சு பாருங்க. நாற்காலியில நிமிந்து உட்காருங்க. முதல்ல மூச்சை இழுக்க ஆரம்பிங்க, அப்புறம் ரெண்டு கையையும் மெதுவா மேல தூக்குங்க, கை மேல போய் நின்ன பிறகும் மூச்சு இன்னும் கொஞ்சம் உள்ள போகணும். இறக்கும்போதும் அப்படித்தான், மூச்சு முதல்ல வெளிய கிளம்பும், கை பின்னாடி வரும், கை தொடையில வந்து உட்கார்ந்த பிறகு மூச்சு முடியும். ஆறு தடவை. நாலாவது தடவையில கவனம் வேற எங்கயும் போகாம மூச்சுலயே நிக்கும், அந்த நிமிஷம் நீங்க யோகாலதான் இருக்கீங்க, மாமனாரையும் பக்கத்துல உட்காரவச்சு செய்யச் சொல்லுங்க.

குனிஞ்சா விரல் பாதத்தைத் தொடவே மாட்டேங்குது. சார் வந்து முதுகுல கை வச்சு அழுத்துறார். வலிக்குது, ஆனா சொல்லக் கூச்சமா இருக்கு. (வாசகர், கோவை)

சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க. எனக்கு இருபத்தாறு வயசுல ஒரு வகுப்புல பச்சிமோத்தானாசனம், அதான் காலை நீட்டி உட்கார்ந்து முன்னாடி குனியுறது, போட்டிருந்தேன், பயிற்சியாளர் என் முதுகுல மொத்த வெயிட்டையும் போட்டு அழுத்தினார், உட்காருற எலும்புக்கிட்ட 'பட்'டுனு ஒரு சத்தம். தொடைக்குப் பின்னாடி இருக்குற தசை எலும்போட சேர்ற இடம் அது, அங்க ரத்த ஓட்டம் கம்மி, சீக்கிரம் ஆறாது. எட்டு மாசம் பஸ் சீட்டுல ஒரு பக்கமாத்தான் உட்கார்ந்தேன். அன்னைக்கு "வேணாம் சார்"னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், கூச்சம் விடல, அதனாலதான் உங்க கடிதத்தைப் படிச்சதும் மனசு கேக்கல.

விரல் பாதத்தைத் தொடுறது ஒரு சாதனையே இல்ல. கால் நீளம், கை நீளம், இடுப்புக் கிண்ணத்தோட அமைப்பு இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேற. முட்டியை லேசா மடக்கிக்கோங்க, தொப்புள் தொடையை நோக்கிப் போற மாதிரி இடுப்புலருந்து குனிங்க, விரல் முழங்கால்லயே நின்னாலும் சரி. எங்க மூச்சு வெட்டி வெட்டி வருதோ, எங்க பல்லைக் கடிக்கிறீங்களோ, அதுக்கு ரெண்டு அங்குலம் முன்னாடிதான் உங்க ஆசனம். தசை நடுவுல இழுக்குற மாதிரி இருந்தா பரவால்ல, மூட்டுக்கிட்டயோ எலும்புக்கிட்டயோ சுருக்குன்னு குத்தினா உடனே வெளிய வந்துடுங்க. தொடுறதுக்கு முன்னாடி அனுமதி கேக்காத டீச்சர்கிட்ட, வகுப்பு ஆரம்பிக்கும்போதே "என்னை அழுத்தாதீங்க"ன்னு சொல்லிடுங்க, அதுக்கு மூஞ்சி சுளிச்சார்னா வேற இடம் பாருங்க.

பிளாக், பெல்ட், மேட்டுன்னு லிஸ்ட் கொடுத்திருக்காங்க. இதெல்லாம் ஃபாரின் ஃபேஷன்தானே? (வாசகி, திருச்சி)

இல்லங்க, புனேல மேல சொன்ன ஐயங்கார்கிட்ட வளர்ந்தது. அவர் சின்ன வயசுல காசநோய் வந்து மெலிஞ்சு போயிருந்தவர், இயலாத உடம்போட கஷ்டம் அவருக்குத் தெரியும். கட்டை, கயிறு, நாற்காலி, போர்வை எல்லாம் வச்சு யாராலயும் ஆசனத்துல நிக்க முடியும்னு காட்டினார். ஆனா எல்லாத்தையும் காசு கொடுத்து வாங்கணும்னு இல்ல, பெல்ட்டுக்கு பழைய துப்பட்டா போதும், பிளாக்குக்கு பழைய டிக்‌ஷ்னரி ரெண்டை இறுக்கிக் கட்டிக்கோங்க. மேட் மட்டும் வாங்கிடுங்க, நின்னு செய்ற ஆசனத்துக்கு ஜமுக்காளம் டைல்ஸ் தரையில வழுக்கும்.

நான் முஸ்லிம். வகுப்பு ஓம் சொல்லித்தான் ஆரம்பிக்குது. மத்ததெல்லாம் பிடிச்சிருக்கு, இது மட்டும் மனசுக்கு ஒப்பல. விட்டுடவா? (வாசகி, மதுரை)

விடாதீங்கம்மா. யோக சூத்திரம் முதல் பாதத்துல மனசை நிலைநிறுத்த வழி ஒவ்வொண்ணா சொல்லிட்டு வந்து, 39வது சூத்திரத்துல 'அவரவருக்கு உகந்ததை தியானிக்கலாம்'னு விட்டுடுறார் பதஞ்சலி. கதவு திறந்துதான் இருக்கு. அந்த நேரத்துல நீங்க கண்ணை மூடி மௌனமா இருக்கலாம், இல்ல வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு மூச்சை நீளமா விடலாம், பிராமரின்னு அதுவே தனியா ஒரு பிராணாயாமம், வெளிமூச்சு நீளுறதும் மனசு அடங்குறதும் அதுலயும் கிடைக்கும். டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. இங்க எனக்குத் தெளிவான கருத்து இருக்கு: வகுப்புல ஒருத்தர் தன் நம்பிக்கையை வாசல்ல கழட்டி வச்சுட்டு வரணும்னு நிர்பந்திக்கிறது அகிம்சைக்கு விரோதம், அகிம்சைதான் இயமத்துலயே முதல்.

வயசு 58, பிரஷர் மாத்திரை போடுறேன். சிரசாசனம் செய்யலாமா? கபாலபாதி? (வாசகர், சேலம்)

சிரசாசனம், மூச்சை வேகமா வெளிய தள்ளுற கபாலபாதி, ரெண்டும் வேண்டாம். தலைகீழா நிக்கும்போது கண்ணுக்குள்ள அழுத்தம் நல்லா ஏறும், கிளாக்கோமாங்கிற கண் அழுத்த நோய் இருக்கிறவங்களுக்கு அது ஆபத்து. படுத்துக்கிட்டு முழங்காலுக்குக் கீழ மட்டும் நாற்காலி மேல வச்சு பத்து நிமிஷம் இருங்க, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்க, உள்ள அடக்க வேண்டாம். திருமூலர் 16 இழுத்து 64 நிறுத்தி 32 விடச் சொல்லியிருக்காரேன்னு ஒருத்தர் போன மாசம் எழுதியிருந்தார், அது பல வருஷம் குருகிட்ட இருந்து பழகினவங்களுக்கானது, வீடியோ பாத்து முயற்சி பண்ணாதீங்க. மாத்திரையை டாக்டரைக் கேக்காம குறைக்கவும் கூடாது.

கடைசியில மல்லாந்து படுக்குற சவாசனத்துல குறட்டை விட்டுத் தூங்கிடறேன், எல்லாரும் சிரிக்கிறாங்க. (வாசகி, தாம்பரம்)

ரெண்டு ஷிப்ட் வேலை, வீட்டு வேலை எல்லாம் பாக்குறதா எழுதியிருக்கீங்க, உடம்பு தூக்கத்துக்கு ஏங்குது, கிடைச்ச பத்து நிமிஷத்துல எடுத்துக்குது. சிரிக்கிறவங்களை விடுங்க. முழிச்சிருக்கணும்னா முழங்கையை மட்டும் மடக்கி முன்னங்கையை நேரா மேல நிறுத்திப் படுங்க, கண் சொக்கினா கை சாயும், அதுவே எழுப்பிடும். முடிச்சதும் டக்குனு எழுந்திருக்காம வலது பக்கம் ஒருக்களிச்சு நாலு மூச்சு விட்டு, கையை ஊனி எழுந்து உட்காருங்க. செல்போனை அதுக்கப்புறம் எடுங்க.