பழைய ஸ்ட்ராட் கிட்டார் விலைக்கு வருகிறது: வாங்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காட்பாடியில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறார், சர்ச் கொயரில் நாலு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறார். அப்பாவின் நண்பர் ஒருவர் மெல்லிசைக் குழுவில் ரொம்ப வருடம் வாசித்துவிட்டு இப்போது நிறுத்திவிட்டாராம். அவரிடம் இருக்கும் ஸ்ட்ராட் மாடல் எலெக்ட்ரிக் கிட்டாரை 12,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டினால் உர்ரென்று ஒரு இரைச்சல், வால்யூமைத் திருகினால் கரகரப்பு, தடித்தக் கம்பி மூன்றாவது பிரெட்டில் (வீணையின் மெட்டு மாதிரிக் கழுத்தின் குறுக்கே இருப்பது) ஜிர்ரென்கிறது. "எழுபது வருடப் பழைய டிசைன் என்கிறார்கள், இன்னுமா எல்லாரும் இதையே வாசிக்கிறார்கள்? இதை வாங்கட்டுமா, காசு சேர்த்துப் புதுசாக ஏதாவது நவீன மாடலுக்குப் போகட்டுமா?" என்பது கேள்வி.

தம்பி, நெக், அதாவது கிட்டாரின் கழுத்து, நேராக இருந்தால் வாங்கிவிடுங்கள். நீங்கள் சொன்ன மூன்று குறையும் பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான். இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் அந்த டிசைன். அதை உருவாக்கியவர் ஒரு ரேடியோ ரிப்பேர்காரர்.

லியோ ஃபெண்டர் 1938-ல் கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ சர்வீஸ் கடை வைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் டான்ஸ் ஹாலில் வாசிக்கிறவர்கள் கெட்டுப்போன ஆம்பைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார்கள். எது அடிக்கடி உடைகிறது, எது ராத்திரி பாதிக் கச்சேரியில் காலை வாருகிறது என்பது அவருக்கு வாசிக்கிறவர்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. 1950-ல் கட்டை உடம்புக் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுதான் 1951-லிருந்து டெலிகாஸ்டர். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட். உங்களிடம் விலைக்கு வந்திருப்பது இந்த இரண்டாவதன் வம்சம்.

உடம்பை ஏன் கட்டையாகச் செய்தார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம், நம் வீட்டு வீணையை வைத்தே புரிந்துகொள்ளலாம். வீணையின் குடம் பொள்ளல். கம்பி அதிர்ந்தால் குதிரை வழியாக அந்த அதிர்வு குடத்துக்கு இறங்கி, பலா மரமும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து நாதத்தைப் பெருக்குகின்றன. அக்கூஸ்டிக் கிட்டாரும் அப்படித்தான். பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால்தான் வம்பு. ஸ்பீக்கர் சத்தம் திரும்பி வந்து குடத்தை ஆட்டும், குடம் கம்பியை ஆட்டும், கம்பி மறுபடி ஸ்பீக்கரில் போகும், மண்டபம் முழுக்க 'ஊ' என்று ஒரு ஊளை. கொயரில் இதை நீங்களே கேட்டிருப்பீர்கள். குடமே இல்லாமல் ஒரே கட்டையாகச் செய்துவிட்டால் அந்தச் சுற்று பெருமளவு அறுந்துபோகிறது. அப்புறம் இன்னொரு லாபம்: குடத்தை ஆட்ட வேண்டிய வேலை இல்லாததால் கம்பியின் சக்தி கம்பியிலேயே தங்கி, சுரம் நீண்ட நேரம் நிற்கும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஏன் கட்டை உடம்பு எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார், இரட்டை இரட்டையாக இருந்த எட்டுக் கம்பியை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பி ஏன் கட்டினார் என்று நினைத்துப் பாருங்கள். கமகம் பிடிக்கக் கம்பி வளையவும் வேண்டும், நாதம் நிற்கவும் வேண்டும். சாதாரண மாண்டலினில் இரண்டுமே கிடைக்காது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப்பிலிருந்து. ஆறு காந்தக் கட்டைகள், அவற்றைச் சுற்றித் தலைமுடி அளவுத் தாமிரக் கம்பி கிட்டத்தட்ட 8,000 சுற்று. எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே ஆடும்போது காயிலில் சின்ன மின்சாரம் பிறக்கிறது. பள்ளியில் படித்த ஃபாரடே விதிதான், வேறு மந்திரம் இல்லை. நைலான் கம்பி கட்டினால் ஒன்றுமே கேட்காததற்கும் அதுதான் காரணம்.

இனி ரிப்பேர்காரர் மூளை வேலை செய்த இடம். பழைய பாணியில் கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டுவார்கள், கழுத்து கோணினால் மொத்தக் கிட்டாரும் மேசைக்கு வர வேண்டும். இதில் பின்பக்கம் நாலு ஸ்க்ரூ. கழற்றினால் கழுத்து கையோடு வந்துவிடும், வேறு கழுத்தை மாட்டலாம். முன்பக்கம் வெள்ளைத் தகடு இருக்கிறதல்லவா, மூன்று பிக்கப்பும் வால்யூமும் டோனும் சுவிட்சும் அந்தத் தகட்டிலேயே தொங்குகின்றன. பதினோரு ஸ்க்ரூவைக் கழற்றித் திருப்பிப் போட்டால் மொத்த சர்க்யூட்டும் சாப்பாட்டு மேசையில் கவிழ்ந்து கிடக்கும், சால்டரிங் அயர்ன் ஒன்று போதும். உடம்பில் நெஞ்சும் முழங்கையும் படும் இடங்களைச் செதுக்கிச் சரித்ததுகூட, டெலிகாஸ்டரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிக்கிறவர்கள் சொன்னதால்தான். எழுபது வருடமாக இது ஓடுவதற்கு ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தார், கில்மர் வாசித்தார் என்று பெயர்களைச் சொல்வார்கள். கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட் 2019 ஏலத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம் டாலருக்குப் போனதும் உண்மைதான். ஆனால் என் மேசைக்கு வருகிற கிட்டார்களை வைத்துச் சொல்கிறேன், வாசிக்கிறவனே தன் கையால் சரிசெய்துகொள்ள முடிகிறது என்பதுதான் இது இன்னும் உயிரோடு இருப்பதற்குப் பெரிய காரணம். வேலூரில் ஒரு பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் திருகும் பாகம்) போய்விட்டால் கிட்டார் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. 250 கே பாட் ஒன்றை வாங்கிவந்து, மூன்று இடத்தில் சால்டர் வைத்தால் அன்று சாயங்காலமே வாசிக்கலாம்.

உங்கள் கரகரப்புக்கு அதுகூட வேண்டாம். வால்யூமின் உள்ளே தூசி. எலெக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை அந்த வால்யூம் பாட்-இன் பக்கவாட்டு ஓட்டை வழியாக ஒரு பீச்சு பீச்சிவிட்டு இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருகுங்கள். தேங்காய் எண்ணெய் விடுவது, தையல் மிஷின் எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம், ஒரு வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் தூசி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

உர்ரென்ற இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கிறது. ஒற்றைக் காயில் பிக்கப் என்பது ஒரு ஆன்டெனா மாதிரி, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் சத்தத்தையும் சேர்த்தே பிடிக்கும். டியூப்லைட் சோக்குக்கும் ஃபேன் ரெகுலேட்டருக்கும் பக்கத்தில் நின்றால் அதிகமாகும், கிட்டாரோடு அப்படியே கால்வட்டம் திரும்பினால் குறையும். இதற்குத்தான் கிப்ஸன் கம்பெனி 1957-ல் இரண்டு காயிலை எதிரெதிராகச் சுற்றி ஹம்பக்கர் என்று போட்டது. ஸ்ட்ராட்டிலும் நடுப் பிக்கப் தலைகீழாகச் சுற்றப்பட்டதாக இருந்தால் ஐந்து நிலை சுவிட்சின் இரண்டாவது, நாலாவது நிலையில் இரைச்சல் அடங்கும். (ஆரம்பத்தில் சுவிட்சில் மூன்று நிலைதான். வாசிக்கிறவர்கள் சுவிட்சை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி வைத்து அந்த இரண்டு நாதத்தையும் கண்டுபிடித்தார்கள், கம்பெனி 1977-ல்தான் ஐந்து நிலை சுவிட்சைப் போட்டது.)

இப்போது ஒரு சோதனை. ஆம்பை ஆன் செய்து, கம்பியில் கை வைக்காமல் கேளுங்கள், பிறகு கையை வையுங்கள். கை வைத்ததும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கை வைத்தால் அதிகமானாலோ விரலில் சுருசுருவென்று ஏறினாலோ உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். கம்பிகள் எல்லாம் ஒரு ஒயர் வழியாக ஆம்பின் உலோகக் கூட்டோடு சேர்ந்திருக்கின்றன. கூட்டில் கரண்ட் கசிந்தால் அது நேராக உங்கள் விரலுக்கு வரும்.

ஆற்காடு பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் எனக்கு நடந்தது இது. கிட்டார் ஆம்ப் ஜெனரேட்டரில், மைக் செட் ஊர் லைனில், ஆம்பின் மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை யாரோ வெட்டிவிட்டு இரண்டு பின் ஹோல்டரில் சொருகியிருந்தார்கள். இடது கை கம்பியில், பாட வாயை மைக்கிடம் கொண்டுபோனேன். உதட்டில் நீலமாக ஒரு பொறி தெறித்தது, பின்னால் இருந்த டிரம்ஸ் மேலேயே போய் விழுந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அக்கா பெண்ணின் அலறல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து என் கிட்டார் பையில் டெஸ்டர் இல்லாமல் மேடை ஏறியதில்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு மேடை போடுவார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள், சந்தோஷமாக வாசியுங்கள். ஆனால் முதலில் கம்பியில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், பிறகு மைக் வலையில் வையுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஏசி வோல்ட்டில் வைத்துக் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே அளந்துவிடுங்கள், அதுதான் நிச்சயம். டெஸ்டர் லேசாக எரிந்தாலும், மீட்டரில் சொல்லிக்கொள்கிற மாதிரி வோல்ட் காட்டினாலும், சரிசெய்யும்வரை வாசிக்கமாட்டேன் என்று சொல்லுங்கள். யார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சரி, ஜிர்ரென்ற சத்தத்துக்கு வருவோம். நெக்கைப் பார்த்துவிடலாம். வீணையில் மெட்டு தேய்ந்தாலோ இறங்கினாலோ மெழுகை உருக்கி மறுபடி மேளம் கட்டிவிடலாம். கிட்டாரில் பிரெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கியவை, அசைக்க முடியாது. அதனால் கழுத்தின் வளைவைத்தான் சரிசெய்ய வேண்டும். கம்பியைச் சுருதிக்குக் கூட்டிவிட்டு, தடித்தக் கம்பியை முதல் பிரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மறு கையாலும் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பி உங்களுக்கு ஒரு ஸ்கேல். ஏழாவது எட்டாவது பிரெட் பக்கம் கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் நல்ல கழுத்து. இடைவெளியே இல்லை என்றால் கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது, முதல் நாலைந்து பிரெட்டில் ஜிர்ரென்பது அதனால்தான்.

இது நம்ம ஊர் வெயிலில் சகஜம். பங்குனி தொடங்கி அக்னி நட்சத்திரம் முடியும்வரை வேலூர்க் காற்றில் ஈரமே இருக்காது, மரம் காய்ந்து சுருங்கும், கழுத்து பின்னால் போகும், பிரெட் நுனிகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு விரலைக் கீறும். ஐப்பசி மழையில் அதே மரம் ஈரம் குடித்து முன்னால் வளையும், கம்பி உயர்ந்துபோகும். கழுத்துக்குள் இருக்கும் இரும்பு ராடை வருடத்துக்கு இரண்டு தடவை, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பினால் போதும். பின்வளைவு என்றால் கொஞ்சம் தளர்த்த வேண்டும், முன்வளைவு என்றால் இறுக்க வேண்டும். திருப்பிவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், மரம் மெதுவாகத்தான் பேச்சைக் கேட்கும். ஷீட் போட்ட மாடி அறையிலும், வெயிலில் நிறுத்திய காரிலும் கிட்டாரை வைக்காதீர்கள்.

வாங்கக்கூடாத கழுத்து எது என்றால், அந்த ராடைத் திருப்பும் நட் திரும்பவே இல்லை, அல்லது முழுக்க இறுக்கியும் முன்வளைவு இன்னும் நிமிரவில்லை. இன்னொன்று, உடம்புப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நெடுகப் பார்த்தால் கயிறு முறுக்கின மாதிரி ஒரு பக்கம் தூக்கியிருப்பது. முறுக்குக்கு ராட் உதவாது. அப்போதுகூட வேறு கழுத்து வாங்கிப் போடலாம், ஆனால் 12,000 தரக்கூடாது, உடம்புக்கும் பிக்கப்புக்கும் மட்டும் விலை பேசுங்கள்.

தலையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அதற்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். ஸ்டிக்கர் யாரும் ஒட்டலாம். கழுத்தைப் பார்த்து, காதால் கேட்டுக் காசு கொடுங்கள்.

நவீன மாடல் பற்றிக் கேட்டீர்கள். கனமான ராக், மெட்டல் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஹம்பக்கர் போட்ட கிட்டார்தான் நல்லது, ஸ்ட்ராட்டை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். கொயர், சினிமாப் பாட்டு, மெல்லிசை என்றால் இதன் தெளிவான நாதம் கூட்டத்தில் தனியாகக் கேட்கும், கீபோர்டோடு குழம்பாது.

வாங்கியதும், சுருதியை ஆட்டுவதற்காகப் பிரிட்ஜில் (உடம்பில் கம்பிகள் மாட்டியிருக்கும் தகடு) இருக்கும் கைப்பிடியை உடனே பயன்படுத்தாதீர்கள். பின்மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகள் தெரியும், அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவை இறுக்கி, பிரிட்ஜை உடம்போடு படியவைத்துவிடுங்கள், சுருதி நிற்கும். பென்சில் முனையை, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் 'நட்' என்ற கட்டையின் பள்ளங்களில் தேய்த்தால் கம்பி சிக்காமல் வழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகும்போது ஒன்பதாம் நம்பர் (மெல்லிய) கம்பி ஒரு செட், விசிட்டிங் கார்டு, டெஸ்டர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கொள்ளுங்கள். மாமா, புதுக் கம்பி மாற்றிப் பார்க்கட்டுமா என்று கேளுங்கள், வாசித்த மனிதர், கண்டிப்பாகச் சரி என்பார். மாற்றிய பிறகு ஒவ்வொரு கம்பியிலும் முதல் பிரெட்டிலிருந்து கடைசிப் பிரெட்வரை ஒவ்வொரு சுரமாக வாசியுங்கள், அவசரப்படாமல். அப்புறம் கிட்டாரை அவர் கையில் கொடுத்து ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இத்தனை வருடம் அதோடு இருந்தவர் எந்த இடத்தில் விரலை மாற்றிப் போட்டுத் தப்பிக்கிறார் என்று பாருங்கள், உங்கள் கார்டுக்குத் தெரியாத குறை அங்கேதான் இருக்கும்.