பி.எட். படிக்கத்தான் வேண்டுமா?

சகோதரி, பி.காம். முடித்து, திருமணமாகி பெங்களூரு வந்திருக்கிறீர்கள். மழலையர் பள்ளி ஆசிரியையாக பி.எட். சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காக என்றால் வேண்டாம். பி.எட். பெரிய வகுப்புகளுக்கான படிப்பு. ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பதற்கே அது தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டரை வயதிலிருந்து ஆறு வரைக்கும் மாண்டிசோரி பயிற்சி (குழந்தைகள் பொருட்களைக் கையாண்டு தாமாகவே கற்கும் முறை) நன்றாகப் பொருந்தும். பின்னாளில் ஒன்றாம் வகுப்புக்கும் போகும் எண்ணம் இருந்தால் 2 ஆண்டு டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு) பாருங்கள், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள்.

அதற்கு முன், பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒரு மாதமாவது உதவியாளராக இருந்து பாருங்கள். நான் பெங்களூரு அல்சூரில் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வாரம் ஒரு குழந்தை என் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "அம்மா பேக்கு, அம்மா பேக்கு" (அம்மா வேண்டும்) என்று விம்மியது. எனக்கோ கன்னடம் தெரியாது. ஆயாம்மா வந்து "பர்த்தாரே புட்டா" (வருவாங்க கண்ணா) என்றதும்தான் அழுகை அடங்கியது. தண்ணீர், பசி, வலி, கழிப்பறை இந்த நான்குக்கும் கன்னடச் சொற்களை அன்றிரவே எழுதி மனப்பாடம் செய்தேன். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

அப்புறம், பள்ளி திறக்கும் ஜூன் வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே பள்ளிகளுக்கு நேரில் போய் வேலை கேளுங்கள். குழந்தைகள் முன் ஒரு கதை சொல்லச் சொல்வார்கள், தயாராகப் போங்கள்.