தாத்தாவுக்குப் பதிலாக நீங்கள் எழுதிய பக்கம்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்துக்கு மில்ட்ரெட் டெய்லர் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ என்ற நாவலை வைத்திருக்கிறார்கள். கறுப்பினத்தவரைத் தீ வைத்துக் கொளுத்துவதும் அடிப்பதும், வாயில் சொல்லக் கூடாத அந்த வசைச் சொல்லும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பையன் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. வேறு புத்தகம் கொடுங்கள் என்று டீச்சருக்கு மெயில் அனுப்பலாமா? கணவர் ‘விடு’ என்கிறார். நாங்கள் வெள்ளையரும் இல்லை, கறுப்பரும் இல்லை. அவர்கள் சண்டை நமக்கு எதற்கு? போதாததற்கு, வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பேட்டி எடுத்து ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமனார் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் அவர் ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுவார் என்பதால், ‘தாத்தா கிராமத்து விவசாயி, கடுமையாக உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்’ என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். புத்தகத்தை மாற்றச் சொல்வது தப்பா?
— பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: மாற்றச் சொல்லாதீர்கள். நீங்கள் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். தூக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்து விழுந்திருக்கிறது. பெரியவரைப் பேட்டி எடுக்கச் சொன்னார்கள். பெரியவர் வீட்டிலேயே இருக்கிறார். பேரன் பள்ளியிலிருந்து எப்போது வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். விசாவில் அங்கே போய் உட்காரும் அப்பாக்களுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? அவரை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வாழ்க்கையை நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் எப்படி? கிராமத்து விவசாயி, கடும் உழைப்பு, பிள்ளைகள் படிப்பு. தமிழ்நாட்டில் எந்தத் தாத்தாவின் தலையிலும் கட்டலாம் இந்தப் பத்தியை.

எங்கெங்கோ போய்விடுவார் என்கிறீர்களே, எங்கே போவார்? உங்களுக்குத் தெரியும். தெரியாமலா வாயை அடைத்தீர்கள்? யாருடைய நிலம், யார் கூலி, யார் எந்த வாசல் வழியாக வந்தார்கள், களத்தில் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள் என்று போகும். ஊற்றிய பக்கமா, கையேந்திய பக்கமா என்று நீங்கள் எழுதவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தக் கதை உங்கள் மகனுக்குச் சேர வேண்டியது. நடுவில் நின்று மறிக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

நீங்கள் இந்த நாவலைப் படிக்கவில்லை, புரட்டித்தான் பார்த்திருக்கிறீர்கள். புரட்டினால் தீதான் கண்ணில் படும். படித்திருந்தால், டீச்சர் பேட்டி எடுக்கச் சொன்னது பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கூடுதல் வேலை இல்லை என்று தெரிந்திருக்கும். அந்தப் புத்தகமே அப்படிப் பிறந்ததுதான். டெய்லர் 1943-ல் மிசிசிப்பியில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஓஹியோவின் டொலிடோ நகருக்குப் போய்விட்டது. பிறகு விடுமுறைகளில் மிசிசிப்பிக்குப் போய் வந்தபோதும், வீட்டில் உறவினர்கள் கூடியபோதும் அப்பா சொன்ன பழங்கதைகளைக் கேட்டு வளர்ந்தார். அதிலிருந்து வந்த நாவல் 1976-ல் வெளியாகி, அடுத்த ஆண்டு சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி விருது வாங்கியது. ‘இவர் ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுவார்’ என்று அந்த வீட்டிலும் யாராவது அப்பாவின் வாயை அடைத்திருந்தால் உங்கள் மகன் கையில் இன்று அந்தப் புத்தகம் இருக்காது.

கதை 1933-ல் நடக்கிறது. பொருளாதாரப் பெருமந்தக் காலம். லோகன் குடும்பத்துக்கு 400 ஏக்கர் சொந்த நிலம். அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்கள் எல்லாம் வெள்ளை முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு, விளைந்ததில் பாதியைக் கொடுத்து, கடைக் கடனில் மூழ்கிக் கிடக்கும்போது, இவர்கள் மட்டும் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அதற்காக அப்பா லூயிசியானாவில் ரயில் பாதை போடப் போகிறார், அம்மா பள்ளியில் பாடம் நடத்துகிறார். பாதி நிலம் இன்னும் அடமானத்தில் இருக்கிறது. அந்த நிலம் எப்படி வந்தது என்று ஒன்பது வயது கேஸிக்குச் சொல்வது யார் தெரியுமா? பாட்டி. 1887-ல் தாத்தா முதல் 200 ஏக்கரை வாங்கிய கதையை, பேத்தியைக் காட்டுக்குள் குளத்தங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்கிறாள்.

அந்த நாவலில் நீங்கள் படிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது: கிறிஸ்துமஸ் இரவு. குடும்பம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. வீட்டோடு வந்து தங்கியிருக்கும் மோரிசன் என்ற வயதான மனிதர், 1876 கிறிஸ்துமஸில் ராத்திரி ஆட்கள் வந்து தன் பெற்றோரைக் கொன்ற கதையை எடுக்கிறார். அப்போது அவருக்கு ஆறு வயதுகூடச் சரியாக ஆகவில்லை. பிள்ளைகள் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், கடைக்குட்டிக்கும் ஆறு வயதுதான். அம்மா மேரிக்குக் கவலை வந்துவிடுகிறது, பிள்ளைகளைப் பார்க்கிறாள். அப்பா அவள் கையைப் பிடித்து, இதெல்லாம் இவர்கள் கேட்க வேண்டியது, இவர்களுடைய வரலாறு என்கிறார். மோரிசன் முழுக்கச் சொல்லி முடிக்கிறார்.

மேரி பயந்தாங்கொள்ளி இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்பு, வெள்ளையர்கள் தீ வைத்து உருக்குலைத்த ஒரு மனிதரின் படுக்கை அருகே அதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியவள். போகக் கூடாத கடைக்குப் போனீர்களே, அந்தக் கடைக்காரர்கள் செய்ததைப் பாருங்கள் என்று காட்டியவள். அவளுக்கே அந்த இரவில் தயக்கம் வந்தது. ஆகவே உங்களுக்குத் தயக்கம் வந்ததை நான் குறை சொல்லவில்லை. தயங்கினாள், ஆனால் தாத்தாவின் கதையைத் தானே எழுதிக் கையில் கொடுக்கவில்லை.

‘மாமனார் சொல்வது பெருமைப்படும்படி இல்லையென்றால்?’ என்று கேட்பீர்கள். பெருமைப்படும்படி இருந்தால் பேட்டியே வேண்டாம், காலண்டர் அட்டையில் அச்சடித்துவிடலாம். நாவலிலேயே பாருங்கள். ஸ்ட்ராபெரி என்ற ஊரில் கேஸி தெரியாமல் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி மேல் மோதிவிடுகிறாள். அந்தப் பெண்ணின் அப்பன் கேஸியைத் தெருவில் பிடித்துத் தள்ளுகிறான். அப்போது கேஸியை மன்னிப்புக் கேட்க வைப்பது யார்? அவளுடைய பாட்டியேதான். அந்தச் சிறுமியை மரியாதை வைத்துக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். கேஸிக்குப் பாட்டி மேல் அப்படி ஒரு கோபம். ராத்திரி அம்மா உட்கார வைத்து, உன்னைக் காப்பாற்றத்தான் பாட்டி அப்படிச் செய்தாள் என்று விளக்குகிறாள். பாட்டியின் தலைகுனிவை யாரும் மறைக்கவில்லை. ஏன் குனிந்தாள் என்று சொன்னார்கள், அந்தப் பெண் பாட்டியை இழக்கவில்லை. உங்கள் மாமனார் குனிந்திருக்கலாம், குனிய வைத்திருக்கலாம். ரெண்டாவது என்றால் கேட்பது இன்னும் கஷ்டம். அதையும் பேரன் அவர் வாயால்தான் கேட்க வேண்டும். நாளைக்கு வெளியாள் யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால், பொய் சொன்னவர் தாத்தா இல்லை, அம்மா என்றுதான் அவன் கணக்கு வைப்பான்.

இனி, ‘அவர்கள் சண்டை நமக்கு எதற்கு’ என்ற பேச்சு. 1924-ல் மிசிசிப்பியில் ரோஸ்டேல் என்ற ஊரில், மளிகைக் கடை வைத்திருந்த காங் லம் என்ற சீனருக்கும் இப்படித்தான் தோன்றியது. அவர் மகள் மார்த்தா, ஒன்பது வயது. வெள்ளையர் பள்ளியில் முதல் நாள் மதிய இடைவேளையிலேயே, நீ இங்கே படிக்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா வழக்குப் போட்டார். என் மகள் கறுப்பினத்தவள் இல்லையே, அவளை ஏன் அந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்பதுதான் வாதம். பிரித்து வைப்பதே தப்பு என்று அவர் தரப்பு வாதாடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, 1927-ல் தோற்றது. வெள்ளையர் இல்லையென்றால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்க அந்த ஊரில் இடமே வைக்கவில்லை.

நீங்கள் அங்கே குடியிருப்பதே யாரால் என்றும் யோசியுங்கள். 1946-ல் அமெரிக்கா இந்தியர்களுக்கு ஒதுக்கிய குடியேற்ற இடம் ஆண்டுக்கு 100. கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறை போய், 1964-ல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டத்தை வாங்கினார்கள். நாட்டையும் இனத்தையும் பார்த்துப் பங்கு போட்ட பழைய குடியேற்ற முறையை அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் நம் எஞ்சினியர்களும் டாக்டர்களும் போனார்கள். நாம் கடன்பட்டிருப்பது அவர்களுக்கு; அவர்கள் கதையைக் கேட்கவாவது வேண்டாமா?

மாமனார் விஷயத்தில் இன்னொன்று. வேளா வேளைக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்திருப்பீர்கள், டிவியில் தமிழ் சேனல் போட்டிருப்பீர்கள், இன்சூரன்ஸ் எடுத்திருப்பீர்கள். நல்ல மருமகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயதானவருக்குச் செய்ய வேண்டிய கடமையில் அவர் சொல்வதைக் கேட்பதும் அடக்கம். ‘அப்பா, அதெல்லாம் இப்ப எதுக்கு’ என்று சாப்பாட்டு மேஜையில் நாலு முறை சொன்னால் போதும், அந்தத் தலைமுறை ஆட்கள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய்விடுவார்கள். இரண்டாவது முறை பேச்சை எடுக்க மாட்டார்கள். எனக்கு இதில் இரண்டாம் கருத்தே கிடையாது: பேரன் கேட்கத் தயாராக இருக்கும்போது தாத்தாவைப் பேசவிடாத வீடு, எத்தனை படுக்கையறை இருந்தாலும், பெரியவரை வைத்துக்கொள்ளத் தெரியாத வீடு.

சரி, தூக்கம். ராத்திரி படுக்கையில் தனியாகப் படிக்க விடாதீர்கள். பள்ளி விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும்போது, கூடத்தில் உட்கார்ந்து படிக்கட்டும். நீங்களும் இன்னொரு பிரதி வாங்கி அவன் படிக்கிற அத்தியாயத்தையே படியுங்கள். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: அந்த வசைச் சொல் புத்தகத்தில் இருக்கலாம், உன் வாயில் வரக் கூடாது. பயம் நிஜமாகவே அதிகம் என்றால் டீச்சரிடம் அதைச் சொல்லுங்கள், கடைசி அத்தியாயங்களுக்கு முன் அவர் அவனோடு பேசுவார். பதினைந்து நாளாகியும் தூக்கம் சரியாகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

டீச்சருக்கு மெயில் எழுதத்தான் வேண்டும். கொடுத்த பக்கம் மகன் எழுதியது இல்லை, நான் எழுதியது, திரும்ப எழுதித் தர ஒரு வாரம் அவகாசம் வேண்டும் என்று எழுதுங்கள். வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். மகனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அப்புறம், பேட்டி. பையனுடைய தமிழும் தாத்தாவுடைய ஆங்கிலமும் பாதி வழியில் நின்றுவிடும், நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கும். அந்த இடத்தில் நீங்கள் உட்கார வேண்டாம். சங்கடமான இடம் வந்தால் சுருக்கிவிடுவீர்கள். உங்கள் கணவரை உட்கார வையுங்கள். அப்பா சொல்லச் சொல்ல, ஒன்றையும் விழுங்காமல் மகனுக்குச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. சனிக்கிழமை காலை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு. ‘விடு’ என்று ஒற்றை வார்த்தையில் தப்பித்துக்கொண்ட மனிதருக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.