கணிதத்தை விட்டுவிட வேண்டாம்: நரம்பியல் ஆராய்ச்சியை விரும்பும் மகளின் தாயாருக்கு

கண்டனூர் ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் மகள் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டாள் என்றும், பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்று பத்து நாளாக வீட்டில் பேச்சு ஓயவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போவதாக அவள் சொல்கிறாள். மூளை என்றால் டாக்டர், டாக்டர் என்றால் நீட், நீட்டில் கணக்கு கிடையாது, ஆகவே கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவில் சேர்த்தால் பிள்ளைக்குச் சுமை குறையும் என்பது தங்கள் கணவரின் எண்ணம். அவர் சொல்வது கேட்பதற்குக் கோவையாகத்தான் இருக்கிறது. பிசகு தொடக்கத்திலேயே, மூளை என்றால் டாக்டர் என்ற இடத்திலேயே இருக்கிறது.

தங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு செய்தி வருகிறது. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயால் அவதிப்படும் அப்பத்தாவுக்கு எத்தனை மணிக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் கழித்துக் கை நடுக்கம் அடங்கியது, மறுபடி எப்போது தொடங்கியது என்று தங்கள் மகள் ஒரு நோட்டில் குறித்து வருகிறாள் என்றும், படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்று கடிந்துகொண்டீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியனாக இருந்து, ஓய்வுபெற்ற பிறகு இந்த ஆலோசனைப் பணியைச் செய்து வருகிறேன். மதிப்பெண் பட்டியலைக் காட்டிலும் இப்படிப்பட்ட நோட்டுகள்தாம் ஒரு பிள்ளையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன.

அந்த மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். அதை எழுதிக் கொடுப்பவர் நரம்பியல் மருத்துவர். அது ஏன் வேலை செய்கிறது என்று கண்டவர் ஆராய்ச்சியாளர். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குச் செலுத்தியபோது, அவை அசைவற்றுக் கிடந்தன. ஸ்வீடன் நாட்டின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்விட் கார்ல்சன், 1957-இல், அந்த முயல்களுக்கு டோபா என்ற பொருளைக் கொடுத்தார். அவை எழுந்து நடமாடத் தொடங்கின. டோபாவிலிருந்து உடல் உண்டாக்கிக்கொள்ளும் டோபமைன், மூளையில் ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டு செல்லும் பொருள்களில் ஒன்று என்பதும், நடுக்குவாத நோயாளிகளின் நடுமூளையில் அதைச் சுரக்கும் அணுக்கள் அழிந்துபோகின்றன என்பதும் அதன் வழியே தெளிவாயின. கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தங்கள் வீட்டு அப்பத்தா விழுங்கும், டோபாவின் ஒரு வகையான லெவோடோபா மாத்திரைக்குப் பின்னால் அந்த முயல்கள் இருக்கின்றன. மருத்துவர், ஆராய்ச்சியாளர் என்ற இந்த இரண்டு வேலைகளில் எது உயர்ந்தது என்று நான் வாதிட வரவில்லை. அவை இரண்டும் வேறுவேறு வேலைகள், அவற்றுக்குச் செல்லும் பாதைகளும் வேறு என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இனிக் கணிதத்துக்கு வருகிறேன். காரைக்குடிக்கு வரும்போதெல்லாம் தாங்கள் சிக்ரியின் நீண்ட மதிலைப் பார்த்திருப்பீர்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊருக்கு வந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. பேட்டரியும் இரும்புத் துருவும் ஆராயும் இடம் என்றுதான் பலரும் அதை அறிவார்கள். ஆனால் நரம்பில் ஓடும் செய்தியும் மின்வேதியியல்தான். ஒரு நரம்பணுவின் உள்ளே பொட்டாசியம் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட அணுத்துகள்கள், மிகுதி, வெளியே சோடியம் அயனிகள் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வினாலும், நரம்பணுவைச் சூழ்ந்த மென்சவ்வு எந்த அயனியை எவ்வளவு கசியவிடுகிறது என்பதைப் பொறுத்தும், சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. டார்ச் லைட்டில் போடும் 1.5 வோல்ட் செல்லின் அழுத்தத்தில் இது இருபதில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பேட்டரியின் அழுத்தத்தைக் கணிக்கப் பயன்படும் நெர்ன்ஸ்ட் சமன்பாடுதான், சவ்வின் வழியே ஓர் அயனி எந்த அழுத்தத்தில் சமநிலை அடையும் என்று கணிக்கவும் பயன்படுகிறது. அதில் மடக்கை, அதாவது லாகரிதம், வருகிறது. மடக்கை கணிதப் பாடத்தில் இருக்கிறது.

தொண்டிப் பக்கத்து வலைகளில் விழுந்து நம் சமையலறைக்கு வரும் ஊசிக் கணவாயின் உறவினம் ஒன்றுக்கு, ஒரு மில்லிமீட்டர் வரை தடிமனான நரம்பிழை உண்டு. மனிதனின் நரம்பிழையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தடித்தது என்பதால், அதற்குள் மின்முனையை நுழைக்க முடிந்தது. ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர்கள் 1939-இல் அதைச் செய்து காட்டினார்கள். இடையில் போர் வந்தது. போர் முடிந்த பின் பணியைத் தொடர்ந்து, நரம்புத் துடிப்பு எப்படிப் பிறந்து ஓடுகிறது என்பதை 1952-இல் சமன்பாடுகளாக எழுதிக் காட்டினார்கள். அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டிய நேரத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி மாதக்கணக்கில் கிடைக்காமல் போகவே, ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு சுமார் மூன்று வாரம் சுற்றியே விடையை வரவழைத்தார். கணக்கில் வந்த வளைகோடும் கணவாயின் நரம்பில் பதிவான வளைகோடும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. 1963-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எந்த உயிரியல் பாடநூலிலும் அந்த வளைகோட்டின் படம் இருக்கும். அதைப் பெற்றுத் தந்த கணக்கு இருக்காது. கணிதத்தை விட்ட பிள்ளைக்கு அந்தப் படம் மனப்பாடம் செய்யும் பகுதியாகவே நின்றுவிடும்.

ஆகவே என் பரிந்துரை: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் உள்ள பிரிவு. சுமை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் சேர்ந்தால் நீட் தேர்வின் கதவும் அடைபடாது. புனே, திருவனந்தபுரம், திருப்பதி உள்ளிட்ட ஊர்களில் உள்ள ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டு அறிவியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் மொத்தம் 60 கேள்விகள். நான்கு பாடத்துக்கும் தலா 15. கணிதம் படிக்காமலும் அத்தேர்வை எழுதலாம் என்றாலும், கால்வாசி மதிப்பெண்ணை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவதற்குச் சமம் அது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு இளநிலை அறிவியல் படிப்புக்கோ, மேல்நிலையில் கணிதம் படித்திருக்கவே வேண்டும்.

மருத்துவம் படித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போக முடியாதா என்று தங்கள் கணவர் கேட்கக்கூடும். தாராளமாக முடியும். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி தெரிவதை ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துத் தணித்துக் காட்டிய வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். பிள்ளைக்கு நோயாளிகளோடு பழகுவதில் விருப்பம் இருந்தால் அது நல்ல வழி. இல்லையென்றால், ஆராய்ச்சிக்குப் போவதற்காக மட்டும் நீட் பயிற்சியில் இரண்டு மூன்று ஆண்டுகளைக் கரைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

இனி, பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி: சம்பாதிக்க எத்தனை காலம் ஆகும்? நீண்ட காலம் ஆகும். முதுநிலை வரை ஐந்து ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, அதற்கு மேல் இன்னொரு ஆய்வகத்தில் இரண்டு முதல் நான்கு ஆண்டு. சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைக்கும்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். நம் பக்கத்தில் இது புரியாத கணக்கு அன்று. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக் கடைத் தொழிலுக்கு, போனவர்கள் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை வேலையில் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளாகி, மேலாள் என்ற பொறுப்பாளராவதற்குள் மும்மூன்று வருட வேலைத் தவணைகள் எத்தனை முடித்திருப்பார்கள் என்று தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு வேறுபாடு உண்டு: முனைவர் ஆய்வு மாணவர் கட்டணம் கட்டிப் படிப்பவர் அல்லர். தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு நிதிநல்கை பெற்றவர்களுக்கு, 2023 ஜனவரி முதல், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் வழங்கப்படுகின்றன. வசதியான வாழ்வுக்கு இது போதாது. ஆனால் இருபத்து மூன்று வயதுக்கு மேல் அவள் தங்கள் கையை எதிர்பார்க்கும் நிலை இராது. கல்யாணப் பேச்சு எழும் வயதும் அதுவேதான் என்பதை நான் மறக்கவில்லை. அதை இப்போதே அவளோடு ஒளிவின்றிப் பேசிவிடுவது நல்லது.

முனைவர் பட்டம் பெற்ற எல்லோருக்கும் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. இங்கும் அவளைத் தாங்கப் போவது கணிதமும் கணினியும்தான், ஏனெனில் இன்றைய நரம்பியல் பெரும்பகுதி கணக்கிடும் வேலையாகிவிட்டது. ஒரு புழுவின் 302 நரம்பணுக்களின் இணைப்புகளை 1986-இல் கையால் வரைந்து முடித்தார்கள்; ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள் கொண்ட பழ ஈயின் முழு மூளையின் இணைப்பு வரைபடம் 2024-இல் கணினித் துணையோடு வெளிவந்தது; மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், உயிரிழந்த கருக்குழந்தைகளின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, 2024 டிசம்பரில் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டது. அந்தப் பணியில் மருத்துவர்களுக்கு இணையாகப் பொறியாளர்களும் உழைத்தார்கள். இத்தகைய பயிற்சி பெற்றவருக்கு மருந்து நிறுவனம், மருத்துவக் கருவி நிறுவனம், தரவுப் பகுப்பாய்வு என்று வேறு வாசல்களும் உண்டு.

ஐசர் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் எண்ண வேண்டாம். அழகப்பா அரசு கலைக் கல்லூரியிலேயே இயற்பியலோ விலங்கியலோ இளநிலை படித்து, முதுநிலைக்கான ஜாம் போன்ற நுழைவுத் தேர்வுகளின் வழியாகப் பெரிய நிறுவனங்களுக்குள் நுழையலாம். அதன் பிறகு பெங்களூரில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸ் நிறுவனம், ஹரியானாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் என்று இடங்கள் இருக்கின்றன. இதற்கெல்லாம் தொலைதூரம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும், இருண்ட குகைக்குள் கூண்டில் வைத்த வௌவால்கூடச் சுற்றியிருக்கும் கூட்டம் இரை தேடக் கிளம்பும் நேரத்தைக் கொண்டே தன் உடற்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று கண்டு, உலகம் கவனிக்கும்படி எழுதினார்கள். குகையும் பொறுமையுமே அவர்களுக்கு முதலாக இருந்தன.

ஒன்றை மட்டும் அவளிடமே கேட்டுவிடுங்கள். இத்துறையில் பல ஆய்வகங்கள் எலிகளை வைத்துத்தான் நடக்கின்றன. அவற்றை அறுக்கவும் நேரும். அதைத் தாங்காத மனமாக இருந்தால் குறை ஒன்றுமில்லை, கணினி வழியிலும் மனிதர்களிடம் செய்யும் ஆய்விலும் போகலாம்; ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நடுமூளையைத் தூண்டிக் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறோம், கைரேகையைப் பார்த்து மூளையின் திறமையைச் சொல்கிறோம் என்று பல்லாயிரம் ரூபாய் கேட்பவர்கள் நம் ஊர்களுக்கும் வருகிறார்கள். இவற்றுக்கு அறிவியல் அடிப்படை ஏதும் இல்லை. கண்கட்டின் மூக்கோர இடுக்கு வழியாகத்தான் பிள்ளைகள் பார்க்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெற்றோர் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டுத்தான் வந்தார். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல நுண்ணோக்கி வாங்கியிருக்கலாம்.

படிவத்தைப் பள்ளியில் கொடுப்பதற்கு முன், வரும் சனிக்கிழமை காலையில் மகளோடும் தங்கள் கணவரோடும் வாருங்கள். மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவர மறந்தாலும் பரவாயில்லை, மாத்திரை நேரம் எழுதிய நோட்டை மறக்க வேண்டாம். நேரத்தை ஒரு பக்கமும் நடுக்கத்தின் அளவை மறுபக்கமும் வைத்து, அதை எப்படி ஒரு வரைபடமாக்குவது என்று அவளுக்குக் காட்டுகிறேன். அடுத்த முறை அப்பத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது அவருக்கும் அது பயன்படும்.